சட்டத்தின் கண்ணுக்குக் காவிரி ஈரநிலம் இல்லை

இந்த எபிசோடு திருச்சிக்காரங்களுக்கு ஸ்பெஷல். மத்த ஊர்க்காரங்க போயிடாதீங்க. பாதி தாண்டினதும் இது உங்க ஊர் ஏரியோட கதையாவும் ஆகிடும்.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். காவிரி ஒரு ஈரநிலமா?

ஈரநிலம்னு சொன்னதும் நமக்குப் பள்ளிக்கரணை ஞாபகம் வரும், இல்லேன்னா பிச்சாவரம். சதுப்பு, நாணல், கால் நீளமா ஒரு நாரை. ஆனா அந்தச் சொல்லோட அர்த்தம் ரொம்பப் பெருசு. 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி ஈரான்ல ராம்சார்ங்கிற ஊர்ல ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டாங்க. அதன்படி தண்ணி நிக்குற இடமா இருக்கலாம், ஓடுற இடமா இருக்கலாம். இயற்கையா உருவானதா இருக்கலாம், மனுஷன் வெட்டினதா இருக்கலாம். வருஷம் முழுக்க ஈரமா இருக்கலாம், சில மாசம் மட்டும் இருக்கலாம். எல்லாமே ஈரநிலம்தான். ஆறு, வாய்க்கால், நெல்வயல் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

இப்போ நம்ம நாட்டுக்கு வாங்க. 2017-ல மத்திய அரசு ஈரநிலப் பாதுகாப்பு விதிகள்னு ஒண்ணு கொண்டு வந்தது. நல்ல விதிகள்தான். ஈரநிலத்தை வேற பயன்பாட்டுக்கு மாத்தக் கூடாது, ஆக்கிரமிக்கக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது, சுத்திகரிக்காத கழிவை விடக் கூடாது, வெள்ளம் ஏறுற எல்லையில இருந்து 50 மீட்டருக்குள்ள நிரந்தரக் கட்டடம் கட்டக் கூடாது. ஆனா முதல் பக்கத்துல, 'ஈரநிலம்'னா என்னன்னு சொல்ற இடத்துல ஒரு விலக்கு இருக்கு. ஆற்றின் போக்கு சேராது. நெல்வயல் சேராது. குடிநீருக்காகக் கட்டின நீர்நிலை சேராது. பாசனத்துக்காகக் கட்டினதும் சேராது.

கோடு எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். ஃபங்ஷன் அருமையா எழுதியிருக்காங்க. ஆனா முதல் வரியில ஒரு ஃபில்டர் போட்டுட்டாங்க. திருச்சி மாவட்டத்து டேட்டாவை உள்ளே அனுப்பினா வெளியே கிட்டத்தட்ட ஒண்ணுமே வராது. ஏன்னா நம்ம ஊர்ல இருக்கிறதே ஆறு, வாய்க்கால், பாசன ஏரி, வயல் இந்த நாலும்தான்.

இந்த விலக்குக்கு ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடணும். நெல்வயலையும் ஈரநிலம்னு அறிவிச்சா, நாளைக்கு விவசாயி தன் வயல்ல ஒரு மோட்டார் ரூம் கட்டக்கூட அனுமதிக்கு அலையணும். ஏரியில மதகு ரிப்பேர் பண்ணவும் ஒரு கமிட்டி முன்னாடி நிக்கணும். அந்தப் பயம் சும்மா இல்லை. ஆனா விலக்கோட விளைவு என்ன? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

அரங்கம்னா தீவு

ஸ்ரீரங்கம் பேர்ல இருக்கிற 'அரங்கம்'ங்கிற சொல்லுக்கு ஆற்றிடைக்குறைன்னு ஒரு அர்த்தம் உண்டு. ஆற்றுக்கு நடுவுல இருக்கிற திட்டு. முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியுது. தெற்குப் பக்கம் காவிரி, வடக்குப் பக்கம் கொள்ளிடம். கிழக்கே கல்லணைகிட்ட ரெண்டும் மறுபடி நெருங்கி வருது. நடுவுல ஸ்ரீரங்கம், திருவானைக்காவல். திருவானைக்காவல் கோயில் பஞ்சபூதத் தலங்கள்ல நீருக்கான தலம், கருவறையில தண்ணி ஊறும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ரெண்டு ஆத்துக்கு நடுவுல நிலத்தடி நீர் எவ்வளவு மேல இருந்திருக்கும்ங்கிறதுக்கு அந்த ஒரு கோயிலே போதும்.

காவிரியும் கொள்ளிடமும் ஒரே வேலை செய்யற ஆறுகள் கிடையாது. காவிரி டெல்டாவுக்குப் பாசனத் தண்ணி கொண்டு போகுது. கொள்ளிடம் வெள்ள வடிகால். அதோட படுகை காவிரியைவிடத் தாழ்வு. அதனால 19-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல தண்ணி பெரும்பாலும் கொள்ளிடம் பக்கமே போயிடும், காவிரி மேடு தட்டிக்கிட்டே வந்தது. அதைச் சரிபண்ணத்தான் ஆர்தர் காட்டன் 1836-ல முக்கொம்புல மேலணை வேலையை ஆரம்பிச்சார்.

இதே ஐடியாவை ஐரோப்பாவுல ரொம்ப லேட்டாத்தான் பண்ணாங்க. நெதர்லாந்துல 1993, 1995 ரெண்டு வருஷமும் பெரிய வெள்ளம். 1995-ல சுமார் இரண்டரை லட்சம் பேரை ஊரைவிட்டு வெளியேத்தினாங்க. அதுவரைக்கும் அவங்க பதில் ஒண்ணுதான், கரையை இன்னும் உயர்த்து. அதுக்கப்புறம் யோசனையை மாத்தினாங்க. 'ஆற்றுக்கு இடம்'னு ஒரு திட்டம், 2 பில்லியன் யூரோவுக்கு மேல செலவு, 30-க்கும் மேற்பட்ட இடங்கள். நைமேகன்ங்கிற ஊர்ல கரையைச் சுமார் 350 மீட்டர் உள்ள தள்ளி, பக்கத்துல இன்னொரு கால்வாய் வெட்டினாங்க. நடுவுல ஒரு தீவு உருவாச்சு. சுமார் 50 வீடுகளை எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளம் வந்தா ரெண்டாவது வழியில போகும், வராதப்ப அது நடக்க, நீந்த, பறவை பார்க்க ஒரு இடம்.

யோசிச்சுப் பாருங்க. அவங்க கோடிக்கணக்குல செலவு பண்ணி உருவாக்கின அந்த ரெண்டாவது வழி நம்மகிட்ட இயற்கையாவே இருக்கு. பேரு கொள்ளிடம்.

மணல்ங்கிறது தண்ணித் தொட்டி

கொள்ளிடப் பாலத்துல பைக்ல போறப்ப கீழ பார்த்தா, மே மாசத்துல ஆறு காலியா இருக்கிற மாதிரி தெரியும். ஆனா அது காலி இல்லை.

சின்னக் கணக்கு போடலாம். ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் மணல் படுகை. ஆழம் வெறும் ஒரு மீட்டர்னு வெச்சுக்கலாம். மொத்தம் 10,000 கன மீட்டர் மணல். ஆத்து மணல்ல மணிக்கு மணி நடுவுல இருக்கிற இடைவெளியில தண்ணி நிக்கும். அதுல வெளியே எடுக்க முடியுறது மட்டும் ஐந்துல ஒரு பங்குன்னு குறைச்சே வைப்போம். 2,000 கன மீட்டர், அதாவது 20 லட்சம் லிட்டர். நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிறது அரசு வழக்கமா எடுத்துக்குற அளவு. அப்போ கிட்டத்தட்ட 15,000 பேருக்கு ஒரு நாள் தண்ணி. ஒரு ஹெக்டேர், ஒரு மீட்டர் ஆழம், ஒரு தடவை நிரம்பினதுக்கே இவ்வளவு. ஆத்துல தண்ணி வர்றப்பல்லாம் இது திரும்பத் திரும்ப நிரம்பும்.

திருச்சிக்குக் குடிநீர் வர்றது இப்படித்தான். கம்பரசம்பேட்டை பக்கமும் கொள்ளிடத்துலயும் மணலுக்குள்ள இறக்கின சேகரிப்புக் கிணறுகள் இருக்கு. மணல் தண்ணியைச் சேர்த்தும் வைக்குது, வடிகட்டியும் கொடுக்குது.

அதே மணலுக்கு இன்னொரு வாடிக்கையாளர் உண்டு. ஆற்று ஆலா, பட்டாணி உப்புக்கொத்தான் மாதிரிப் பறவைகள். இதுங்க மரத்துல கூடு கட்டாது. வெறும் மணல்ல ஒரு சின்னக் குழி, அதுல முட்டை. முட்டையும் மணல் கலர்லதான் இருக்கும், ரெண்டடி தள்ளி நின்னாலும் தெரியாது. கோடையில ஆறு வத்தி, நடுவுல திட்டு திட்டா மணல் வெளியே தெரியற மாசங்கள்தான் இதுங்களுக்குக் குஞ்சு பொரிக்கிற காலம். அதே மாசங்கள்தான் ஜேசிபியும் லாரியும் ஆத்துக்குள்ள சுலபமா இறங்குற காலமும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். மணல் ஆறு கொண்டு வர்றதுதானே, திரும்ப வந்துடும்னு சொல்வாங்க. 1934-ல மேட்டூர் அணை கட்டி முடிச்சாங்க. அதுக்கு மேல இருந்து வர்ற மணல்ல பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிஞ்சு தங்கிடும். அதனால வரவு குறைஞ்சு போச்சு, செலவு மட்டும் கூடிக்கிட்டே இருக்கு. 2003-ல தமிழ்நாட்டு அரசு மணல் குவாரிகளைத் தன் கையில எடுத்துக்கிச்சு. 2012-ல உச்ச நீதிமன்றம், சின்ன குவாரியா இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு சொல்லிடுச்சு. விதிகள் வந்தாச்சு. படுகை மட்டும் ஏறலை.

2018 ஆகஸ்ட்ல என்ன நடந்ததுன்னு திருச்சிக்காரங்களுக்கு மறக்காது. மேட்டூர்ல இருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணி. கொள்ளிடத்துல 1928-ல கட்டின பழைய இரும்புப் பாலத்தோட தூண்கள் சரிஞ்சது. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில கொள்ளிடம் பக்கம் இருந்த 45 மதகுல 9 மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சு. அணைக்கு வயசாயிடுச்சுன்னு அரசுத் தரப்பு சொன்னது, மணல் அள்ளினதாலதான்னு விவசாய சங்கங்கள் சொன்னாங்க. அந்த வாதத்துக்குள்ள நான் போகலை. ஆனா இன்ஜினியரிங் ரொம்ப சிம்பிள். கட்டுமானத்துக்குக் கீழ்ப்பக்கம் ஆத்துப் படுகை தாழ்ந்தா, தண்ணி அதிக உயரத்துல இருந்து விழும், அஸ்திவாரத்தோட அடியைச் சாப்பிட ஆரம்பிக்கும். புது கதவணை கட்ட ஒதுக்கின தொகை 387 கோடி ரூபாய்க்கு மேல. மணலோட உண்மையான விலையில இதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. திருச்சி சுத்தி மாட்டுவண்டியில மணல் எடுத்துப் பிழைச்ச குடும்பங்கள் நிறைய. குவாரி திறங்கன்னு அவங்க போராட்டம் நடத்துறாங்க. பொக்லைன் ஒரு மணி நேரத்துல அள்ளுறதை ஒரு மாட்டுவண்டி எத்தனை நாள் அள்ளும்? ஆத்தைப் பாதுகாக்கிறோம்னு முதல்ல வண்டிக்காரரைத் துரத்தினா, அதுக்குப் பேரு பாதுகாப்பு இல்லை.

கரைவெட்டி எப்படித் தப்பிச்சது

சரி, பாசன ஏரியை ஈரநிலமா நடத்தினா விவசாயம் படுத்துடுமா? இதுக்கு நம்ம பக்கத்துலேயே ஒரு விடை இருக்கு. அரியலூர் மாவட்டத்துல கரைவெட்டி. சுமார் 454 ஹெக்டேர். அடிப்படையில அது ஒரு பாசன ஏரி, காட்டுக்குள்ள இருக்கிற ஏதோ இயற்கை ஏரி கிடையாது. 1999-ல பறவைகள் சரணாலயம் ஆச்சு. 2024 ஜனவரி கடைசியில ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது. அங்கே 180-க்கும் மேற்பட்ட பறவை இனங்களைப் பதிவு பண்ணியிருக்காங்க. சுத்தி இருக்கிற கிராமங்கள் அந்தத் தண்ணியில நெல், கரும்பு, பருத்தி, சோளம் எல்லாம் போடறாங்க. ரெண்டும் ஒண்ணா நடக்குது.

அந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க. மேட்டூர்ல புறப்பட்டு, காவிரியில வந்து, முக்கொம்பு பக்கம் வாத்தலையில புள்ளம்பாடி வாய்க்காலுக்குள்ள திரும்புது. அந்த வாய்க்காலை வழக்கமா ஆகஸ்ட் 1-ஆம் தேதி திறப்பாங்க. ஆகஸ்ட்ல வர்ற தண்ணியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஏரியை நிரப்புறப்பத்தான் வலசைப் பறவைகள் வந்து இறங்குது. இமயமலையைத் தாண்டிப் பறக்கிற வரித்தலை வாத்தும் கரைவெட்டிக்கு வருது. ஒரு மதகு எப்போ திறக்கும்ங்கிறதைப் பொறுத்து ஒரு மத்திய ஆசியப் பறவையோட குளிர்காலம் அமையுது. அது பாசன அட்டவணைதான், ஆனா பறவைக்கும் அதே அட்டவணைதான்.

அப்போ கரைவெட்டிக்குப் பாதுகாப்பு எப்படிக் கிடைச்சது? சரணாலயமா அறிவிச்சதால. தமிழ்நாட்டுல 2025 பிப்ரவரி கணக்குக்கு 20 ராம்சார் இடங்கள், நாட்டுலேயே அதிகம். பெருமைதான். ஆனா கரைவெட்டிக்குப் போற வழியில இருக்கிற புள்ளம்பாடி வாய்க்கால்? அதுக்குத் தண்ணி கொடுக்கிற ஆறு? பறவை பார்க்கிறவங்க வருஷா வருஷம் போற, திருவெறும்பூர் பக்கத்துக் கிளியூர் ஏரி? இதெல்லாம் பட்டியலுக்கு வெளியே. சர்வரை மட்டும் பூட்டி வெச்சுட்டு நெட்வொர்க் கேபிளைத் தெருவுல விட்ட கதை.

தூர் வாரணும், ஆனா எப்படி?

இப்போ உய்யக்கொண்டான். சோழர் காலத்து வாய்க்கால், சுமார் 70 கிலோமீட்டர், திருச்சி நகரத்துக்கு நடுவுல ஓடுது. ஊருக்குள்ள நுழையற வரைக்கும் அது வாய்க்கால், நுழைஞ்சதும் சாக்கடை கலக்குது. கழிவுல இருக்கிற சத்தைத் தின்னு வெங்காயத்தாமரை மூடிக்குது. அதை எடுக்கணும், சந்தேகமே இல்லை. கடைமடை விவசாயிக்குத் தண்ணி போய்ச் சேரணும்.

ஆனா தூர் வாரும்போது வெங்காயத்தாமரையோட சேர்த்து கரையோர நாணல், கோரை எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடறோம். ரெண்டும் பச்சையா இருக்கிறதால ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறோம். நாணலோட வேர் கரை மண்ணைப் பிடிக்குது. மீன் அங்கேதான் முட்டை வைக்குது. நீர்க்கோழிக்கு வீடு அங்கேதான். முசிறி பக்கம் போனீங்கன்னா காவிரிக்கரை ஊர்களுக்குக் கோரை ஒரு பயிர், பாய் நெசவு ஒரு தொழில். ஒரு ஊருக்குச் சம்பளம், இன்னொரு ஊருக்குக் களை.

ஸ்ரீரங்கம் மேலூர்ல இருக்கிற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போயிருப்பீங்க. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல காப்புக்காட்டுல 25 ஏக்கர், 2015-ல திறந்தது. அங்கே கத்துக்க ஒரு விஷயம் இருக்கு. புழுவுக்கு என்ன இலை வேணுமோ அந்தச் செடியை வெச்சாங்க. எருக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை, ஈஸ்வரமூலி. வண்ணத்துப்பூச்சி தானா வந்துச்சு, நூறுக்கும் மேற்பட்ட இனங்கள். அந்தப் பக்கம் கம்பரசம்பேட்டையில 2025-ல பறவைகள் பூங்கா திறந்தாங்க. வெளிநாட்டுப் பறவைகள், கூண்டு, டிக்கெட், செல்ஃபி. குழந்தைகளுக்கு ஜாலிதான், குறை சொல்லலை. ஆனா ஆத்துக்கு நம்ம ஊர் பறவையைக் கூப்பிட டிக்கெட் கவுண்டர் தேவையில்லை. மேலூர்ல செடி வெச்ச மாதிரி, ஆத்துல திட்டையும் நாணலையும் விட்டு வெச்சா போதும்.

எனக்குத் தோணுற நாலு விஷயம் சொல்றேன். எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை.

ஒண்ணு, ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னாடி நடக்கிற தூர்வாரலை ஒரு வருஷம் ஒரு கரை, அடுத்த வருஷம் எதிர்க்கரைன்னு பண்ணலாம். தண்ணியும் போகும், நாணலும் மிஞ்சும்.

ரெண்டு, ஏரியில எடுக்கிற மண்ணை முழுக்க வெளியே ஏத்தாம நடுவுல ஒண்ணு ரெண்டு திட்டு விட்டு, நாட்டுக் கருவேலம் நடலாம். தமிழ்நாட்டு ஏரிகள்ல ஏற்கெனவே பண்ணின முறைதான் இது.

மூணு, பறவைகள் முட்டையிடுற மணல் திட்டுகளை மார்ச்ல இருந்து மே வரைக்கும் மட்டும் தொடாம விடலாம். வருஷம் முழுக்க வேலி போட வேண்டாம், மூணு மாசம் போதும்.

நாலு, இதுதான் கஷ்டம். ஆறும் வாய்க்காலும் நீர்வளத் துறைகிட்ட, காப்புக்காடு வனத்துறைகிட்ட, புறம்போக்கு வருவாய்த் துறைகிட்ட, நகரத்துக் கழிவுநீர் மாநகராட்சிகிட்ட. ஒரே ஆள் நாலு டேபிள்ல நாலு பேர்ல இருக்கிற மாதிரி. யாராவது ஒருத்தர் இந்த நாலையும் ஒரே வரைபடத்துல சேர்க்கணும். விதிகள்ல விலக்கு இருக்கட்டும். ஆத்தையும் ஏரியையும் ஈரநிலமா நடத்தக் கூடாதுன்னு எந்த விதியும் சொல்லலை.

நம்ம பங்கு

இஸ்ரோ செயற்கைக்கோள் படங்களை வெச்சு, நாட்டுல 2.25 ஹெக்டேருக்கு மேல இருக்கிற 2,01,503 ஈரநிலங்களைக் கணக்கெடுத்தது. 2017-ல உச்ச நீதிமன்றம் அந்த இடங்களைக் காப்பாத்தணும்னு உத்தரவு போட்டுச்சு. அப்போ உங்க ஊர் ஏரிக்கு ஒரு வழி இருக்கு. ஆனா வானத்துல இருந்து எடுத்த படத்துல ஏரி தெரியும், அதுல யார் வாழறாங்கன்னு தெரியாது. அதை நிரூபிக்க டேட்டா வேணும்.

அந்த டேட்டாவை நாம கொடுக்கலாம். வருஷா வருஷம் ஜனவரியில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. லீவுல ஊருக்குத்தான் போகப் போறீங்க. காலையில கால் மணி நேரம் ஏரிக்கரையில நின்னு, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் ஆப்ல போடுங்க. பேர் தெரியலைன்னா தெரிஞ்சதை மட்டும் போடுங்க. காக்கா, மைனா, கொக்கும் கணக்குதான். பத்து வருஷம் கழிச்சு யாராவது ஒருத்தர் ஒரு ஏரிக்காக கலெக்டர் ஆபீஸ் போறப்போ அவர் கையில இருக்கப் போற காகிதம் இதுதான். கிராம சபை நடக்குற நாள்ல ஊர்ல இருந்தீங்கன்னா, 'இந்த வருஷம் தூர் எப்படி வாரப் போறீங்க?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. கேட்டாலே பதிவாகும்.

ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துல லட்சக்கணக்கான பேர் காவிரியைக் கும்பிடறோம். அந்த ஆறு தண்ணி வந்த அன்னைக்கு மட்டும் ஆறு இல்லை. மே மாசத்துல பைப்புல வர்ற தண்ணி, அந்த வெறும் மணலுக்கு அடியில காத்துக்கிட்டு இருந்த தண்ணிதான்.

உங்க ஊர்ல ஒரு ஏரி, ஒரு வாய்க்கால், ஒரு மணல் திட்டு, எதுவா இருந்தாலும் அதோட பேரும் அங்கே நீங்க பார்த்த ஒரு உயிரோட பேரும் கமென்ட்ல எழுதுங்க. அடுத்த எபிசோடுல கீழணை முதலைகளைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் நல்லா இருங்க.